மூன்றாவது அடி

என் தம்பியின் பேரனுக்கு அமெரிக்கக் கூடைப்பந்துப் பைத்தியம். அங்கே ராத்திரி நடக்கும் ஆட்டம் இங்கே விடியற்காலையில் டெலிவிஷனில் வருகிறது. நான் காப்பிக்காக எழுந்திருக்கும் நேரமும் அதுதான். ஆகவே கொஞ்ச நாளாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்க்கிறேன். சென்ற வாரம் ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் பந்தைத் தட்டிக்கொண்டே வந்து, கையில் எடுத்து, எட்டி எட்டிக் கால் வைத்துக் கூடைக்குள் போட்டார். "மூன்று அடி, தாத்தா! டிராவலிங்! ரெபரிக்குக் கண் இல்லையா?" என்று பையன் குதித்தான். பிறகு அவனே சமாதானம் செய்துகொண்டான்: "பெரிய ஆள் இல்லையா, ஊதமாட்டார்கள்."

முதல் வார்த்தை எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டாவது வார்த்தைதான் காப்பி ஆறும்வரை என்னை உட்கார வைத்துவிட்டது.

முதல் வார்த்தையில் பையன் பக்கம் நியாயம் குறைவு. பந்து கைக்குள் அடங்குகிற கணத்தில் எந்தக் கால் தரையில் இருக்கிறதோ அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு அப்புறம்தான் ஒன்று, இரண்டு. நாம் அந்தக் காலிலிருந்தே எண்ணத் தொடங்கி, 'மூன்று' என்று கூச்சல் போடுகிறோம். என்.பி.ஏ. என்கிற அமெரிக்கச் சங்கம் இரண்டு அடி உண்டு என்று 2009-ல் தன் விதிப்புத்தகத்தில் வெளிப்படையாக எழுதிவிட்டது. களத்தில் பல காலமாக நடந்துவந்ததை ஏட்டில் ஏற்றிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். சர்வதேசச் சம்மேளனமும் 2017-ல் ஏறக்குறைய அதே வழிக்கு வந்துவிட்டது. நடுவரின் சங்கடத்தையும் பார்க்க வேண்டும். பந்து அடங்குவது கையில். அடி விழுவது தரையில். இரண்டையும் ஒரே கண் ஒரே நேரத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாமோ அதே காட்சியை மெதுவாக ஓட்டி, நான்கு தடவை பார்த்துவிட்டு அவரைக் குருடர் என்கிறோம்.

ஆனால் உண்மையாகவே கண்டும் காணாமல் விடுகிற தப்பு ஒன்று இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து ஆட்டக்காரர் புறப்படும்போது, பந்து கையை விட்டு இறங்குவதற்கு முன்பே ஊன்றிய கால் எழும்பிவிடுகிறது. இது தப்பு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் விசில் அபூர்வமாகத்தான் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஊதினால் ஆட்டமே நடக்காது என்பார்கள். அதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன்.

இந்த விதி ஏன் பிறந்தது? 1891 டிசம்பரில், மாஸசூஸெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உபாத்தியாயர் மண்டையை உடைத்துக்கொண்டார். ரக்பியில் ஏன் ஆளை இழுத்துத் தள்ளுகிறார்கள்? பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதால். ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டால் தள்ளவும் அவசியமில்லை. இப்படி யோசித்து அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்றுதான் இது. வேடிக்கை என்னவென்றால், வேகமாக ஓடி வரும்போது பந்தைப் பிடிப்பவனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் அதே விதியில் அவர் சேர்த்திருந்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை. அதைப் பார்ப்பவன் மனசாட்சிக்கு விட்டுவிட்டார். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த பக் துரைதான் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். ஆகவே இந்த விதிக்கும் நமக்கும் தூரத்து உறவு உண்டு.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அரை அடி விட்டுக்கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்லை என்று சட்டென்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரே ஒருவன் தடுத்துக்கொண்டு நிற்கிறான். இரண்டாவது அடி எங்கே விழும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு, அந்த இடத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறான். வருஷக்கணக்காகப் பழகிய கணக்கு. மூன்றாவது அடி அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. ஜனங்கள் கை தட்டுகிறார்கள். தப்புச் செய்தவன் கெட்டிக்காரன் ஆகிறான். சட்டத்தை நம்பி நின்றவன் மந்தமானவன் ஆகிறான். விட்டுக்கொடுத்தவர் நடுவர், விலை கொடுத்தவன் இவன்.

என்.பி.ஏ.யில் 2015 முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் நெருக்கமாக முடிந்தால், கடைசி இரண்டு நிமிஷத்தில் நடுவர்கள் ஊதியது சரியா, ஊதாமல் விட்டது சரியா என்று பரிசீலித்து மறுநாள் பகிரங்கமாக வெளியிடுகிறார்கள். கௌரவமான காரியம். ஆனால் தோற்றவன் தோற்றவன்தான். அறிக்கைக்காக ஆட்டத்தின் முடிவு மாறாது.

இவ்வளவு நியாயம் பேசுகிற நானும் ஒருநாள் விசில் பிடித்தவன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் ஆட்டம். வர வேண்டிய நடுவர் வரவில்லை. காலேஜில் ஆடியவன் என்று என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கத்தில் நெட்டையான பையன் ஒருவன். அவன் ஆட்டத்தைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்திருந்தது. இடைவேளைக்கு முன்னால் அவன் பந்தைப் பிடித்துக்கொண்டு தாராளமாக மூன்று அடி வைத்துப் போட்டான். இப்போது சொன்ன நுணுக்கம் எதுவும் அதில் கிடையாது. நான் பார்த்தேன். விசில் உதட்டில் இருந்தது. ஊதவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. கூட்டம் சந்தோஷமாக எழுந்து நின்றது, அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. தடுத்து நின்றவன் ஒரு குள்ளப் பையன். திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் குள்ளப் பையனே பந்தோடு ஓடினான். அவனும் ஓர் அடி அதிகம் வைத்தான். என்னை அறியாமல் விசில் ஊதிவிட்டது. ஊதியது சரிதான்; விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கும் என்னால் நிரூபிக்க முடியும். அவன் வாதாடவில்லை. ஓடி வந்து, பந்தை இரண்டு கையாலும் ஏந்தி, "இந்தாங்க சார்" என்று என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டான்.