இரண்டு விலைப் பலகைகள்

2022 பெப்ரவரியில் இலங்கையில் பெற்றோலுக்கு இரண்டு விலை இருந்தது. இந்திய நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசி விலையைக் கூட்டிவிட்டது. அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் லீற்றருக்கு 177 ரூபாயிலேயே நின்றது. மலிவான பக்கம் சனம் திரும்பியதில் என்ன பிழை?

ஆனால் அந்த 177க்கு மேல் ஆன செலவை யார் கட்டினார்கள் என்று நாம் கேட்கவில்லை. நட்டத்துக்கு விற்ற கூட்டுத்தாபனம் இலங்கை வங்கியிடமும் மக்கள் வங்கியிடமும் டொலரில் கடன் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வங்கிகளில் கிடந்தது நம் சேமிப்பு. பலகையில் குறைத்ததை இன்னோர் ஏட்டில் நம் பெயரிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் முடிவில் அதே பெற்றோல் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஓட்டோக்காரர்கள் பெற்றோல் செட் வாசலில் நாட்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். வரிசையிலேயே உயிர் போனவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையேறின. போர்க்காலத்தில் அரசு விதித்த பொருளாதாரத் தடையின்போது சில சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய யாழ்ப்பாணத்தாருக்கு இல்லாமை புதிதல்ல. அன்று மறித்தவர் யாரென்று தெரிந்தது. இம்முறை வழியை மறித்தது, நாம் விரும்பிய அந்த மலிவு விலையேதான்.

போட்டி வந்தால் விலை இறங்கும், அவ்வளவுதான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். 2022 வேறொன்றைக் காட்டியது. லங்கா ஐஓசியின் பலகை, அரசின் பலகை சொல்லாமல் விட்ட செலவைச் சொன்னது. நமக்கோ அது பேராசையாகத் தெரிந்தது. விற்பவரும் விலை வைப்பவரும் அரசே என்றால், உண்மை விலை கேட்பவரைத்தான் நாம் திட்டுவோம்.

2018 மே மாதம் விலைச் சூத்திரம் ஒன்று வந்தது. உலகச் சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. அமைச்சர்கள் நினைத்ததும் தூக்கி வைக்கக்கூடிய இடத்தில் அதை விட்டிருந்தோம். சட்டத்தில் எழுதி, சுயாதீன ஆணைக்குழு ஒன்றின் பொறுப்பில் வைத்திருக்க வேண்டியது அது.

2023இல் சீனாவின் சினோபெக்கும் எரிபொருள் விற்க வந்தது. விலை மாதந்தோறும் திருத்தப்படுகிறது. மாத முடிவில், இரவில் அறிவிப்பு வரும். கூடியிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் முகம் சுருங்கும், எனக்கும்தான். மறுநாள் காலை செட்டில் பெற்றோல் இருக்கும்.