முறையிடாத உயிர்

ஓர் உயிரை விலை கொடுத்து வாங்கினால் அது நமக்குச் சொந்தமாகிவிடுமா?

நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் விடை வீட்டிலேயே கிடைத்துவிடும். பசித்தால் நாய் வந்து காலைச் சுரண்டும். கோபம் வந்தால் பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "நான் உன் பொருள் இல்லை"ன்னு அதுகளே சொல்லிடும். பவளத்துக்கு முகம் இல்லை, குரல் இல்லை. அதனாலேயே அதன் விஷயத்தில் இந்தக் கேள்வி கடினமாகிறது.

என் வீவக வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளமுள்ள கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் வளர்வது கோனியோபோரா என்னும் பவளம். பூந்தொட்டிப் பவளம் என்றும் சொல்வார்கள். பார்த்தால் பூங்கொத்துதான். ஆனால் ஒவ்வொரு 'பூ'வும் வாயும் வயிறும் உள்ள ஒரு சின்ன விலங்கு. வாயைச் சுற்றி 24 கைகள். அதன் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைத்துத் தருவதுதான் பவளத்துக்குப் பெரும்பங்கு உணவு. பாசிக்கு வீடு, பவளத்துக்குச் சோறு. ரொம்ப நுட்பமான குடித்தனம்!

பவளம்னா நம்மில் பலருக்கு முதலில் தேக்கா நகைக்கடைதான் ஞாபகத்துக்கு வரும். நவரத்தினத்தில் ஒன்று, செவ்வாய்க்கு உரியது. மோதிரத்தில் பதிக்கும் அந்தச் சிவப்புப் பவளம் வேறு வகை. மத்தியதரைக் கடல் அதற்குப் பேர்போனது. ஆனால் அதுவும் கல் இல்லை. ஒரு விலங்குக் கூட்டம் கட்டிய எலும்புக்கூடு. விரலில் போட்டிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

போன மாதம் நம் இளையர் அணித் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, நானும் ஒரு கோனியோபோரா வாங்கலாம்னு இருக்கேன். கடையில பெர்மிட் எல்லாம் சரியா இருக்கு. நல்ல லைட் வாங்கப் போறேன். வேற என்ன பார்க்கணும்?"

தம்பிக்கு வயது 18. இன்னும் சில மாதங்களில் தேசிய சேவை.

பெர்மிட் அவசியம்தான். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 'சைட்டீஸ்' அனைத்துலக உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அனுமதியில்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. ஆனால் சட்டம் மட்டும் நம் கேள்விக்கு விடையாகாது. இங்கே முறைப்படி வாங்கி வளர்க்கலாம். தமிழ்நாட்டில் முடியாது. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கம், பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினார்கள். 2001ல் இந்திய அரசு பாறை கட்டும் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து வைத்தது. ஒரே உயிர்; ஒரு நாட்டில் பொழுதுபோக்கு, இன்னொரு நாட்டில் குற்றம். ஆகவே சட்டத்தைத் தாண்டியும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.

பதஞ்சலி சொன்ன ஐந்து யமங்களில் அஹிம்சையை எல்லோரும் அறிவோம். அஸ்தேயம், அபரிக்கிரகம் இரண்டையும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நமக்கு உரியதல்லாததை எடுக்காமல் இருப்பது ஒன்று. தேவைக்கு மேல் சேர்க்காமல் இருப்பது மற்றொன்று. பவளம் வாங்கும்போது இந்த மூன்றும் சேர்ந்தே வருகின்றன. அதனால் தம்பியிடம் நான் முதலில் சொன்னது: "கடலிலிருந்து உடைத்து எடுத்ததை வாங்காதே. வளர்ப்பிடத்தில் தாய்ப்பவளத்திலிருந்து நறுக்கி வளர்த்த துண்டா என்று கேள். கடைக்காரரால் சொல்ல முடியவில்லை என்றால் வந்துவிடு."

அடுத்தது அஹிம்சை. இங்கேதான் கோனியோபோரா நமக்குப் பாடம் நடத்துகிறது.

பல ஆண்டுகளாக இந்தப் பவளத்துக்குத் தொட்டி வளர்ப்பாளர்களிடம் கெட்ட பெயர். வாங்கும்போது அழகாக விரிந்திருக்கும். சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். ஓராண்டுக்குள் போய்விடும். ஆனால் அதே கோனியோபோரா சிங்கப்பூரின் கலங்கிய கடலில் தாராளமாக வளர்கிறது. பளிங்கு போன்ற தண்ணீரில் சாகிறது, சேற்றுத் தண்ணீரில் வாழ்கிறது! காரணங்களில் ஒன்று பட்டினி. பாசி தரும் உணவோடு, நீரில் மிதக்கும் நுண்ணிய இரையும் அதற்கு வேண்டும். சுத்தம், சுத்தம்னு எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டால் சாப்பிட எதுவும் மிஞ்சாது. நமக்குப் பிடித்ததை அதற்குக் கொடுத்தோம். அதற்கு வேண்டியதைக் கொடுக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், பட்டினி கிடக்கும்போதும் அது விரிந்தே நிற்கும். வீட்டுக்கு வந்தவர்கள் "எவ்வளவு அழகு!" என்பார்கள். நமக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். முறையிட முடியாத உயிரிடம் "கேட்டால் செய்வேன்" என்று இருக்க முடியாது. கேட்பதற்கு முன்பே செய்ய வேண்டும்.

அப்படிச் செய்வதும் வீர சாகசம் இல்லை. நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும். சில்லர் வைத்து 25, 26ல் நிறுத்த வேண்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்ததை ஆர்ஓ நல்ல தண்ணீரால் தினமும் நிரப்பி, உப்பை ஆயிரத்துக்கு 35 பங்கில் வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது. அதை நேரே ஊற்றக்கூடாது. காரத்தன்மையை வாரம் ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். 8 என்றால் 8, 9 என்றால் 9. இன்று 7, நாளை 10 என்று ஏறி இறங்கினால் அதுவே ஆபத்து. அளவு குறைந்திருந்தாலும் ஒரே நாளில் சரிசெய்யக் கூடாது. மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

கோயிலை நினைத்துப் பாருங்கள். திருவிழாவுக்கு ஆயிரம் பேர் வருவோம். ஆனால் கோயிலைக் கோயிலாக வைத்திருப்பது நித்திய பூஜை. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடியற்காலையில் யாரோ ஒருவர் கதவைத் திறந்து விளக்கேற்றுகிறார். பவளத்துக்கு நம்மிடம் வேண்டியது திருவிழா அல்ல, நித்திய பூஜை. சொந்தம் என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. தர்மகர்த்தா என்பதே சரி. கோயில் அவருடையது இல்லை, பொறுப்பு மட்டும் அவருடையது.

தம்பியிடம் இரண்டாவதாகக் கேட்டேன்: "பிஎம்டி போனா முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு வர முடியாது. தண்ணி யார் ஊத்துவா?" "அம்மா பார்த்துக்குவாங்க அண்ணே" என்றார். அம்மாவிடம் கேட்டாயா என்றேன். பதில் இல்லை. பவளம் மாதிரியே, முறையிடாத இன்னொரு உயிர் வீட்டில் இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

"அப்போ இரண்டு வருஷம் காத்திருக்கணுமா?" என்று கேட்டார். பவளத்துக்கு அவசரமில்லை, தம்பி.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேலையும் உண்டு. நம் கடலில் சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் இருக்கின்றன. நில மீட்பில் பாறைகளின் பெரும்பகுதியை இழந்துவிட்டோம். 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் கடல் சூடேறி, பவளங்கள் தங்கள் பாசியை இழந்து வெளுத்தன. அங்கே சில்லர் இல்லை. 2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம் ஒரு லட்சம் பவளங்களை நடும் பத்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் தொண்டூழியர்களுக்கும் இடமுண்டு. கண்ணாடிக்குள் இருக்கும் ஒன்றுக்காகத் தினமும் அளவு பார்க்கிறவன், கண்ணாடிக்கு வெளியே இருப்பதைப் பார்க்காமல் இருந்தால் அது பொறுப்பு அல்ல, ஆசை மட்டுமே.

வாங்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. வாங்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: யாரும் பார்க்காத, யாரும் கேட்காத ஒரு வேலையை இன்னும் பத்து வருடம் தினமும் செய்ய என்னால் முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள்.