உத்தரவின்பேரில் ஆலயத்துக்கு வந்தவர்கள்

(லெந்து கால மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு அரசாங்கம் தன் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, "இன்று மதியம் எல்லோரும் கோயிலுக்குப் போய் உட்காருங்கள்" என்று உத்தரவு போட்ட கதையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பக்தியுள்ள அரசாங்கம் அல்ல. கடவுள் என்பதே பழைய காலத்து ஏமாற்று என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அரசாங்கம். 1989 அக்டோபர் 9, திங்கட்கிழமை. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரம். ஏறத்தாழ ஆயிரம் கட்சி உறுப்பினர்களுக்கு அந்த உத்தரவு போயிற்று. ஜெபக்கூட்டம் மாலை ஐந்து மணிக்கு. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் அறுநூறு பேர் வந்து நிக்கோலாய் ஆலயத்தின் நடுப்பகுதி முழுவதையும் நிரப்பிவிட்டார்கள். ஜெபிக்க வருகிறவர்களுக்கு உட்கார இடம் இருக்கக் கூடாது, அதுதான் திட்டம்.

இங்கே இரண்டாம் மணி அடித்த பிறகும் முதல் வரிசை காலியாகவே கிடக்கிறது. அங்கே மூன்று மணி நேரம் முன்னால் ஆலயம் நிறைந்தது. ஆள் சேர்ப்பதில் அந்தக் கட்சியிடம் நாம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் அந்த அறுநூறு பேரைப் பற்றித்தான் இன்று முழுக்கப் பேசப்போகிறேன்.

அந்த ஆலயத்துக்குப் போய்வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. லைப்சிக் பழைய வியாபார நகரம். மேற்கிலிருந்து கிழக்கே போகும் பெருவழியும் வடக்கிலிருந்து தெற்கே போகும் பெருவழியும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சந்தை எழுந்தது. சந்தையைச் சுற்றி ஊர் எழுந்தது. வியாபாரிகளுக்கும் வழிப்பயணிகளுக்கும் பாதுகாவலர் என்று கொண்டாடப்பட்ட பரிசுத்த நிக்கோலாவின் பெயரில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்த ஆலயத்தைக் கட்டினார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கடைவீதிக்கு நடுவே சாம்பல் நிறச் சுவரோடு நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிய அழகு என்று சொல்ல மாட்டேன்.

உள்ளே காலெடுத்து வைத்தால் கதையே வேறு. வெள்ளைத் தூண்கள் மேலே போய், உச்சியில் இளம்பச்சைப் பனையோலைகளாக விரிகின்றன. டௌத்தே என்ற கட்டடக் கலைஞர் 1784 முதல் 1797 வரை உள்பகுதியை இப்படி மாற்றி அமைத்தார். பனை என்றதும் நமக்கு ஊர் ஞாபகம் வரும். அவர்களுக்கு அது எருசலேமின் குருத்தோலை. பனிக்காலம் நீண்ட ஒரு நாட்டில், பனைமரமே முளைக்காத மண்ணில், கல்லிலும் சுதையிலும் ஒரு பனந்தோப்பை வைத்து ஆராதித்திருக்கிறார்கள்.

இசையமைப்பாளர் செபாஸ்தியன் பாக் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றிய ஊர் இது. பாக் என்றால் எல்லோரும் தோமா ஆலயத்தைத்தான் சொல்வார்கள்; அவருடைய கல்லறையும் அங்கேதான். ஆனால் யோவான் எழுதின சுவிசேஷத்தின்படி அவர் அமைத்த பாடுகளின் இசை முதலில் அரங்கேறியது நிக்கோலாய் ஆலயத்தில், 1724 ஏப்ரல் 7, பெரிய வெள்ளிக்கிழமை. அதிலும் ஒரு சண்டை. தோமா ஆலயத்தில் நடத்தலாம் என்று பாக் துண்டறிக்கையே அச்சடித்துவிட்டார். நகர சபை விடவில்லை, இந்த ஆண்டு முறை நிக்கோலாய் ஆலயத்துக்கு என்றது. அப்படியானால் பாடகர் மாடத்தில் இடம் போதாது, அதைச் சரிசெய்யுங்கள், இசைக்கருவியையும் பழுது பாருங்கள் என்றார் பாக். பாடகர் குழுவுக்கும் நிர்வாகத்துக்கும் நடக்கிற வழக்கு இன்று நேற்று வந்தது அல்ல. அதை விட்டுவிடுகிறேன், விட்டால் பாடகர் குழு என்னை விடாது.

நான் சொல்ல வந்தது திங்கட்கிழமை ஜெபம். 1980களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் கிழக்கும் மேற்கும் எதிரெதிரே அணு ஏவுகணைகளைக் குவித்தன. கிழக்கு ஜெர்மனித் திருச்சபைகளின் வாலிபர் ஒரு சிறிய துணிப்பட்டையைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டார்கள். வாளை ஏர்க்கொழுவாக அடிக்கும் ஒரு மனிதனின் படம் அதில் இருக்கும். ஏசாயாவும் மீகாவும் கண்ட தரிசனம். அந்தப் படத்தின் மூலச் சிலையை ஐக்கிய நாடுகள் சபைக்கு 1959-ல் பரிசாகக் கொடுத்தது யார்? சோவியத் யூனியன். அந்த சோவியத் யூனியனின் நேச நாடான கிழக்கு ஜெர்மனி, அதே படத்தை அணிந்த பிள்ளைகளைப் பள்ளியிலும் தெருவிலும் நிறுத்திப் பட்டையைப் பிய்த்து எடுத்தது. சில பிள்ளைகள் பட்டை இருந்த இடத்தில் ஓட்டை போட்ட சட்டையோடே திரிந்தார்கள்.

இந்த வேதனையைச் சொல்ல அந்த நாட்டில் வேறு இடம் இல்லை. 1982 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு நிக்கோலாய் ஆலயத்தில் சமாதானத்துக்காக ஜெபித்தார்கள். சில திங்கட்கிழமைகளில் பத்துப் பேர்கூட இல்லை. போதகர் கிறிஸ்டியான் ஃப்யூரர், 1980-ல் அந்தச் சபைக்கு வந்தவர், போதகரின் மகன். முரட்டு ஜீன்ஸ் துணியில் கையில்லாத மேல்சட்டை போட்டுக்கொண்டு நடமாடுவார். அவர் வாசலில் ஒரு பலகை வைத்தார்: "நிக்கோலாய் ஆலயம் – எல்லோருக்கும் திறந்தது."

பலகை வைப்பது எளிது, பிரியமானவர்களே. நாமும் வைத்திருக்கிறோம். 'யாவரும் வருக' என்று வண்ணத்தில் எழுதியிருக்கிறோம். யார் வந்தார்கள் என்று பார்த்தால்தான் பலகையின் கனம் தெரியும்.

முதலில் வந்தவர்கள், நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டு மனுப் போட்டவர்கள். மனுப் போட்ட அன்றே அவர்கள் வேண்டாதவர்கள் ஆகிவிடுவார்கள். வேலை போகும், பிள்ளையின் படிப்பு போகும், அண்டை வீட்டார் பேச்சை நிறுத்துவார்கள். 1988 பிப்ரவரியில் ஃப்யூரர் அவர்களை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். அதற்குப் பிறகு திங்கட்கிழமைக் கூட்டம் பெருகியது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஞானஸ்நானம் கிடையாது, ஜெபம் பண்ணத் தெரியாது, பாட்டுப் புத்தகத்தில் எண் பார்க்கத் தெரியாது. சபைக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது: இவர்கள் கர்த்தரைத் தேடி வந்தார்களா, கடவுச்சீட்டைத் தேடி வந்தார்களா? அதே ஆண்டில், ஜெபத்தை நடத்திவந்த எதிர்ப்புக் குழுக்களின் கையிலிருந்து அந்தப் பொறுப்பைத் திருச்சபைத் தலைமை எடுத்துக்கொள்ளவும் செய்தது. திருச்சபையே பயந்த நாட்கள் உண்டு. அதை மறைத்துவிட்டு வெற்றிக் கதையாகச் சொல்வது நேர்மையாகாது.

அடுத்து வந்தவர்கள் ரகசியப் போலீசார். வாரம் தவறாமல் வந்தார்கள். பேசுவதைக் குறித்துக்கொள்வது அவர்கள் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு ஏழு வருடம் பிரசங்கம் கேட்டவர்கள் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

1989 மே மாதத்திலிருந்து ஆலயத்துக்குப் போகும் தெருக்களைப் போலீஸ் மறித்தது. ஜெபம் முடிந்து தெருவில் கூடியபோது பிடித்துக்கொண்டு போனவர்களுக்காக ஆலயத்தின் ஜன்னல்களில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தார்கள். அக்டோபர் 7, நாட்டின் நாற்பதாவது பிறந்தநாள். அன்றும் தெருவில் கூடியவர்களை அடித்தார்கள், பிடித்தவர்களை ஊருக்கு வெளியே குதிரை லாயங்களில் அடைத்தார்கள். அதற்கு முந்தின நாள் ஒரு தொழிலாளர் படைத் தளபதியின் கடிதம் நகரத்துப் பத்திரிகையில் வந்திருந்தது; தேவைப்பட்டால் ஆயுதத்தோடு இந்தப் போராட்டத்தை முடிப்போம் என்பது அதன் சாரம். சீனாவின் தியானன்மென் சதுக்கத்தில் சுட்டுத் தள்ளி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எட்டாயிரம் ஆயுதப் படையினர் நகரத்தில் நின்றார்கள். மருத்துவமனைகள் இரத்தம் சேர்த்து வைத்தன.

அந்த 9-ஆம் தேதி மதியம்தான் அறுநூறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நீங்கள் அந்தச் சபையின் போதகராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் என்ன செய்திருப்பேன்? வாசலைப் பூட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அல்லது, "உறுப்பினர் சீட்டு இருக்கிறவர்கள் மட்டும் உள்ளே" என்று ஒரு மூப்பரை நிறுத்தியிருப்பேன்.

ஃப்யூரர் மேல்மாடங்களை மட்டும் பூட்டி வைத்தார். உழைக்கும் மக்கள் நான்கு மணிக்கு முன்னால் வேலையை விட்டு வர முடியாது, அவர்களுக்கும் கொஞ்சம் இடம் வேண்டும் அல்லவா என்று, தொழிலாளர் கட்சி ஆட்களிடமே நகைச்சுவையாகச் சொன்னாராம். கீழே உட்கார்ந்தவர்களை அவர் எழுப்பவில்லை. வரவேற்றார். ஐந்து மணிக்கு ஜெபம் தொடங்கியது. ஏழு ஆண்டுகளாகத் திங்கள்தோறும் அந்தப் பனைத்தூண்களுக்குக் கீழே ஒலித்த மலைப்பிரசங்கத்தின் வார்த்தைகள் அந்த அறுநூறு பேர் காதிலும் விழுந்தன. சத்துருவைச் சிநேகிக்கச் சொல்லும் பகுதியை, அந்தச் சத்துருக்கள் என்று மற்றவர்கள் நினைத்தவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் தடவை. இடத்தை அடைக்க அனுப்பிய கட்சி, அவர்கள் காதை அடைத்து அனுப்ப மறந்துவிட்டது.

கெவன்ட்ஹவுஸ் இசைக்குழுவின் இயக்குநர் குர்ட் மசூர் உட்பட ஆறு பேர் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. அமைதியாக இருங்கள், பேச்சுவார்த்தைக்கு வழி உண்டு என்றது அது. அந்த ஆறு பேரில் மூன்று பேர் அதே கட்சியின் மாவட்டச் செயலாளர்கள். இதை நம் ஆட்கள் கதை சொல்லும்போது விட்டுவிடுகிறார்கள். கட்சிக்குள்ளும் அன்றைக்கு மனச்சாட்சி வேலை செய்தது.

இரண்டாயிரம் பேர் வெளியே வந்தபோது ஆலய முற்றத்திலும் தெருக்களிலும் பல்லாயிரம் பேர் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். காற்றில் மெழுகுவர்த்தி அணையாமல் இருக்க ஒரு கை அதைப் பிடிக்க வேண்டும், ஒரு கை மறைக்க வேண்டும். கல்லெடுக்க மூன்றாவது கை இல்லை என்பதை ஃப்யூரர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் நகரத்தின் சுற்றுச்சாலையில் நடந்தார்கள். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9-ல், பெர்லின் சுவர் திறந்தது.

ஜெபத்தால் சுவர் விழுந்தது என்று ஒரே வரியில் பிரசங்கம் முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் மாஸ்கோவில் கொர்பச்சேவ் இருந்தார், ஹங்கேரி எல்லையைத் திறந்திருந்தது, அந்த நாட்டின் கஜானா காலியாக இருந்தது. இவை எல்லாம் உண்மை. அன்று இரவு அந்தத் தெருவில் இரத்தம் சிந்தாததற்கு மட்டும் அந்த ஆலயத்தில் ஏழு வருடம் பழகிய பழக்கம் ஒரு காரணம் என்று துணிந்து சொல்வேன். எதிரியோடு ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பழகியவர்கள் அவர்கள்.

இப்போது நம் வீட்டுக் கதை. நம்முடைய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு லைப்சிக் அந்நிய ஊர் அல்ல. டிரெஸ்டனில் தொடங்கிய மிஷன் சங்கம் 1848-ல் லைப்சிக்குக்கு மாறியது. அந்த மிஷனின் கையிலிருந்துதான் 1919-ல் நம் திருச்சபை பிறந்தது. மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிராவுல் நம் நாட்டில் சில ஆண்டுகள் சுற்றித் தமிழ் கற்று, 1856-ல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து லைப்சிக்கில் வெளியிட்டார். தீமை செய்தவன் வெட்கப்படும்படி அவனுக்கு நன்மை செய் என்று வள்ளுவர் சொன்னதும் அதில் இருக்கிறது. பெருமைப்படுவோம்.

பெருமையோடு நிறுத்த முடியவில்லை. 1833-ல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, எல்லோரும் கலந்து உட்காருங்கள், ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுங்கள் என்று கட்டளையிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒரு சாரார் பிறகு வந்து சேர்ந்த இடம் நம்முடைய மிஷன். சாதி சமூக ஏற்பாடு, மெல்ல மெல்லத்தான் கரையும் என்பது கிராவுலின் நிலைப்பாடு. மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? நூற்றைம்பது ஆண்டு தாண்டிவிட்டது. எந்தக் குடும்பம் எந்த வரிசையில் உட்காரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடிய ஆலயங்கள் இன்றும் உண்டு. இங்கே நம் பக்கத்தில் உட்கார வந்தது எதிரி அல்ல. நம் ஞானஸ்நானத்தையே பெற்ற சகோதரன். அவனுக்கு நகர்ந்து இடம் விட நமக்கு முழங்கால் வலிக்கிறது.

சுவர் விழுந்த பிறகும் அந்தத் திங்கட்கிழமை ஜெபம் நிற்கவில்லை. நாடு ஒன்றானதும் கிழக்கில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஃப்யூரர் அவர்களைச் சேர்த்துக்கொண்டு ஜெபித்தார். 2003-ல் ஈராக் போருக்கு எதிராக ஜெபித்தார். 2008-ல் ஓய்வுபெற்று, 2014-ல் கர்த்தருக்குள் நித்திரையானார். நான் அங்கே போயிருந்த திங்கட்கிழமை ஜெபத்துக்கு வந்திருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்த ஊரில் திருச்சபை உறுப்பினர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. வெளியே முற்றத்தில், உள்ளேயிருக்கும் பனைத்தூணின் நகல் ஒன்று 1999-லிருந்து நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதற்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடுகிறார்கள். உள்ளே ஜெபம் ஐந்து மணிக்குத் தொடங்கிவிட்டது, ஆள் எண்ணிக்கைக்காக யாரும் காத்திருக்கவில்லை.

சபைச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு மாலை நம் ஆலயத்தின் வாசலையும் கேட்டையும் திறந்து வைப்போம். காணிக்கைத் தட்டு வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். பேருந்து நிலையத்தில் காத்திருக்கிறவர், கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன், சபையோடு பேச்சு முறித்துக்கொண்டு போன குடும்பம், யாரானாலும் வந்து உட்காரட்டும். கோயில்பிள்ளை சம்மதித்துவிட்டார். பொருளாளர், "ஆர்மோனியத்துக்கும் மின்விசிறிக்கும் யார் பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதைப் பேச உட்காருகிறோம். மறுப்பு உள்ளவர்கள் அவசியம் வாருங்கள்.