தனிமையும் தவமும்



புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகை உள்ளது. அங்கே வழுவழுப்பாக இழைக்கப்பட்ட 17 கற்படுக்கைகளைக் காண்கிறோம். உற்றாரைத் துறந்த சமண முனிவர்கள் தனிமையை விரும்பி ஏற்றுத் தவமிருந்த இடம் அது.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, நம் மாணவச் செல்வங்கள்மீதும் ஒரு தனிமை வந்து விழுந்தது. அஃது அவர்கள் விரும்பியதன்று. கைபேசியே வகுப்பறையாயிற்று, தேர்வுகள் தள்ளிப்போயின, பல இல்லங்களில் வருவாய் குன்றிற்று. சிலர் இரவெல்லாம் கைபேசியில் மூழ்கித் துயரை மறக்க முயன்றனர். சிலர் எவரிடமும் கூறாது உள்ளுக்குள் வெந்தனர்.

இழந்ததையே இடைவிடாது எண்ணி வருந்துதலை ஆர்த்த தியானம் என்கிறது நம் சமயம். அதனை ஒளித்து வைத்தால் வளரும். நாள்தோறும் 48 நிமிடம் சாமாயிகத்தில் அமர்ந்து, இந்நிலையும் மாறும் என்று அநித்திய பாவனை செய்வோர்க்கு மனம் மெல்லத் தெளியும்.

ஆயினும், தியானம் ஒன்றே போதும் என்று நாம் கூறோம். முனிவர்களின் படுக்கைகளும் அருகருகேதான் உள்ளன! உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே இயல்பு என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் நெறி. உறக்கமும் ஊணும் கெட்டு, வாழும் விருப்பமே குன்றிய பிள்ளையிடம், "மனத்தை அடக்கு" என்பது அறமாகாது. அருகமர்ந்து கேட்போம்; மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416ஐ இல்லந்தோறும் எழுதி வைப்போம்.

கொல்லாமை தன்னுயிர்க்கும் உரியது என்பதை நம் பிள்ளைகளுக்கு உணர்த்துவோம்.

அறம் வளர்க!