சம்பா கோவில் படியில் ஒரு கேள்வி

பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1884 வாக்கில், புதுச்சேரி வாக்காளர் பட்டியலே மூன்றாகப் பிரிந்தது: ஐரோப்பியர், சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்த ‘ரெனோன்சான்’கள், மற்ற இந்தியர். துறந்தவர்களில் கிறிஸ்தவர்கள் கணிசம். யாருக்கு ஓட்டு என்பதைப் பாதி அந்தப் பட்டியலே தீர்மானித்துவிடும்.

இன்று பட்டியல் ஒன்றுதான். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது முறைகேடு என்று 2017இல் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து சம்பா கோவில் பேராலயத்தின் படியிறங்கும்போது, “நம்மாளு யாருங்க?” என்ற கேள்வி காதில் விழத்தான் செய்கிறது. கட்சி சாராத கிறிஸ்தவருக்கு அது உதவாத கேள்வி. அதற்குப் பதில், ஊரில் ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளர் எங்கே இருந்தார் என்று கேட்கலாம். மத்தேயு 25ஆம் அதிகாரம் கணக்கில் எடுப்பது பசித்தவரையும் சிறையில் இருப்பவரையும்தான். சொத்து, வழக்கு விவரமெல்லாம் வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. படிக்க அரைமணி நேரம் போதும். (ஜெபக்கூட்டத்தில் அவர் கைகூப்பி நிற்கும் போட்டோவை நம்ப அவ்வளவு நேரம்கூட ஆகாது, அது வேறு.)

எவரும் தேறவில்லையா? 2013 முதல் நோட்டா உண்டு. ஆனால் இங்கே தொகுதிகள் சிறியவை, சில நூறு ஓட்டில் முடிவு மாறும். நோட்டாவுக்குப் போகுமுன் சுயேச்சைகளின் பத்திரங்களையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.