தேங்காய்க் கணக்கு

பிரேசிலில் ரெசிஃபே என்றொரு நகரம். அங்கே தெருவில் தேங்காய் விற்ற 12 வயசுப் பையனிடம் ஆய்வாளர்கள் 4 காய் கேட்டார்கள். ஒரு காய் 35 குருசேரோ. 3 காய்க்கு 105, அதோடு இன்னொரு காய் என்று மனக்கணக்காகவே கூட்டி 140 என்றான். அப்புறம் அதே கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்து எழுதிப் போடச் சொன்னார்கள். மீதி வந்த 2-ஐ, பெருக்குவதற்கு முன்னாடியே 3-உடன் கூட்டிவிட்டான். விடை 200!

1985-ல் வெளியான ஆய்வு இது. மொத்தம் 5 பிள்ளைகள். வியாபாரம் செய்தபடி சொன்ன விடைகளில் நூற்றுக்கு 98 சரி. வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37தான்.

இப்போது நீங்கள்தான் வாத்தியார். என்ன செய்வீர்கள்? 200-க்குத் தப்பு போடலாம். அது நியாயம். 'உனக்குக் கணக்கு வராது' என்று சொன்னால்? அது பொய். அதற்காக, 'இவனுக்குத் தெருக் கணக்கே போதும்' என்று தட்டிக்கொடுத்து அனுப்பினால், அது இன்னும் பெரிய துரோகம். அல்ஜீப்ரா அவனுக்கும் வேணுமே!

'எப்படிப்பா போட்டே?' என்று கேட்கத்தான் ஆசிரியர் பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டும். கேட்டால் மட்டும் போதாது. 35-ஐ 3 தடவை, 1 தடவை என்று அவன் பிரித்துக் கூட்டியது, பாடப்புத்தகம் சொல்லும் பங்கீட்டுப் பண்பேதான் என்பது வாத்தியாருக்குப் பிடிபட வேண்டும். அதற்கு அவருக்கு நல்ல மனசும் வேண்டும், நல்ல கணக்கும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நஷ்டம் பையனுக்குத்தான்.