சாலையில் தென்படாத அயலார்

நாம் செய்யும் நன்மைகளுள் சில நம் மனச்சான்றை விழிக்கச் செய்கின்றன. சில அதைத் தாலாட்டி உறங்க வைக்கின்றன. மின்சாரக் காரில் நெடுந்தொலைவு பயணம் செய்வது இவ்விரண்டில் எதைச் செய்கிறது? இக்கேள்வி வாகனத்தைவிட, அதில் அமர்ந்திருக்கும் மனிதரையே அதிகம் பற்றியது.

சென்னையிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 700 கிலோ மீட்டர். நடுத்தரமான மின்சாரக் கார் 100 கிலோ மீட்டருக்குச் சுமார் 15 யூனிட் மின்சாரம் கொள்ளும். எனவே இப்பயணத்துக்கு 100 யூனிட்டுக்கு மேல் வேண்டும். வழியில் ஓரிரு இடங்களிலேனும் நின்று மின்னேற்றிக்கொள்ளவும் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் தன் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டாரோ தான் பெற்றதில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே தந்துவிடுகிறது. வண்டியின் பின்னே புகை இல்லை. சாலையோரத்துப் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டியதில்லை. இது மெய்யான நன்மை. இதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆனால், அந்தப் புகை எங்கே போயிற்று? நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. நெய்வேலியில் ஒரு யூனிட் மின்சாரம் பிறக்கச் சுமார் ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். அந்த நிலக்கரிக்காகத் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தைக் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களிலேயே மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே கண்டது. பயணத்தின் முடிவில் ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது காற்றாலைகள் வரிசை வரிசையாய்ச் சுழல்வது கண்ணுக்கு விருந்துதான். எனினும் கம்பியில் கலந்து வரும் மின்சாரத்தில், காற்று தந்தது எது, வயலிழந்தவரின் மண் தந்தது எது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது.

மின்கலத்தின் கதை இன்னும் தொலைவிலிருந்து தொடங்குகிறது. உலகில் தோண்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்குள்ள கொல்வேசிப் பகுதியில், உரிய பாதுகாப்பின்றிக் கையால் தோண்டப்படும் குழிகளில் சிறுவர்களும் வேலை செய்வது பலமுறை வெளிச்சத்துக்கு வந்துள்ளது. கோபால்ட் இல்லாத இரும்புப் பாஸ்பேட் மின்கலங்கள் இப்போது பெருகி வருவது ஆறுதலே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023-இல் கின்ஷாசா சென்றபோது, ஆப்பிரிக்காவின் கனிமங்களைச் சூறையாடும் பேராசையை வன்மையாகக் கண்டித்தார். அதே திருத்தந்தைக்கு 2024 டிசம்பரில் மின்சார வாகனம் ஒன்று வழங்கப்பட்டது. அதை அவர் ஏற்றுக்கொண்டார். இவ்விரண்டுக்கும் முரண்பாடு இல்லை. நல்ல கருவியை ஏற்கவும் வேண்டும். அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கவும் வேண்டும்.

அயலார் யார் என்ற கேள்விக்கு நம் ஆண்டவர் விடையளித்ததும் ஒரு சாலைக் கதையாலேதான். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டவன் கண்ணெதிரே கிடந்தான். அவனைக் காணாததுபோல் செல்ல விரும்பியவர்கள் விலகி நடக்க வேண்டியிருந்தது. நமக்கோ அந்தச் சிரமமும் இல்லை. நம் பயணத்தால் காயமுற்றவர்கள் நாம் செல்லும் சாலையிலேயே இல்லை. விலகாமலேயே விலகிச் செல்லும் வசதியை நம் காலம் நமக்குத் தந்திருக்கிறது.

அந்த உவமையில் நாம் எளிதில் மறந்துவிடும் பகுதி ஒன்றுண்டு. சமாரியர் காயங்களைக் கட்டியதோடு நிறுத்தவில்லை. சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றார். அடிபட்டவன் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் பொறுப்பு மறையவில்லை. பார்வைக்கு எட்டாதவரும் அயலாரே என்பதற்கு இதைவிடத் தெளிவான போதனை வேண்டுமா?

அப்படியானால் பெட்ரோல் வண்டியே மேல் என்று சிலர் வாதிடலாம். அது சோம்பேறியின் வாதம். எண்ணெய்க்காகச் சீரழிந்த நைஜர் கழிமுகத்து மீனவர்களும் நம் அயலாரே. ஒரு தீமை முற்றும் நீங்கவில்லை என்பதற்காக, அதைக் குறைக்கும் வழியை மறுப்பது அறமாகாது. குறைத்ததையே முழுமை என்று கொண்டாடுவதும் அறமாகாது.

செய்யத்தக்கவை நம் கைக்கு எட்டியவையே. மின்கலத்தில் என்ன கனிமம் உள்ளது, அது எங்கிருந்து வந்தது என்று வாங்குமுன் கேட்கலாம். தேய்ந்த மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தும் விதிகள் நம் நாட்டில் 2022-இல் வந்துள்ளன. அவை ஏட்டோடு நில்லாதபடி குரல் கொடுக்கலாம். கன்னியாகுமரிக்குச் செல்லும் இரயிலும் மின்சாரத்தால்தான் ஓடுகிறது. ஆயிரம் பேரை ஒருசேரச் சுமக்கும் அதில் ஏறுவது தாழ்வு அன்று. நிலமிழந்தவர்கள் நியாயம் கேட்கும்போது, அவர்களை வளர்ச்சிக்குத் தடை என்று ஏசாதிருக்கலாம்.

மின்னேற்றும் இடத்தில் அரைமணியோ ஒரு மணியோ காத்திருக்க நேர்வதைப் பலர் குறையாகச் சொல்கின்றனர். சமாரியர் பிறருக்காகத் தம் பயணத்தை நிறுத்தினார். நாம் நம் தேவைக்காக நிறுத்துகிறோம். நின்ற அந்த வேளையிலாவது, கம்பியின் மறுமுனையில் இருப்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்போமானால், நம் மனச்சான்று உறங்காது. நம் பயணமும் அயலாரைக் கடந்து போகாது.